துடைக்கக் கூடாத மூலை

ஆபீஸ் முன்னறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் மற்ற இருவருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் ஹனூர் பக்கம் ராமாபுரத்தில், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப் பொழுது போய்விடும். போகட்டும். இப்போது எனக்குக் காலைப் பொழுதுக்குப் பஞ்சமில்லை.

போன வாரம் நான் ஆபீசுக்கு வந்தபோது உங்களில் ஒருத்தி கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கப் போனாள். நான் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அவள் முகம் சுண்டிவிட்டது. ஏன் சத்தம் போட்டேன் என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முட்டிவலியோடு ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தவளுக்கு மூச்சு வாங்கியது. அதைச் சொல்லத்தான் இது.

நீங்கள் எல்லாரும் அவரை 'சார்' என்கிறீர்கள். டிவியில் கட்சியின் தேசியத் தலைவர் என்கிறார்கள். எனக்கு அவர் எப்போதும் மேஷ்ட்ரு. கன்னடத்தில் வாத்தியாரை அப்படித்தான் சொல்வார்கள். அவர் காலேஜில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்த நாளிலிருந்து நான் அவரோடு இருக்கிறேன். அவருக்கு டிரைவர் மாறியிருக்கிறார்கள், பி.ஏ. மாறியிருக்கிறார்கள். பலகைக்கு மட்டும் நான் விலகும்வரை ஆள் மாறவில்லை.

என் வீட்டுக்காரர் கொத்துவேலை செய்தவர். மைசூரில் அந்தக் காலேஜின் புதுக் கட்டடத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். கட்டி முடித்ததும் அவர் அடுத்த கட்டடத்துக்குப் போனார். நான் இதிலேயே தங்கிவிட்டேன், பெருக்கித் துடைக்கும் தற்காலிக வேலையில். எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்த அம்மா போகும்போது சொன்னாள், "பலகையில வலதுபக்க மேல்மூலைய மட்டும் விட்ரு" என்று. அவள் குள்ளம். எட்டவில்லை, அதனால் விட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப்பற்றி எனக்கு அப்போதே பெருமை அதிகம். இரண்டாவது வாரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, மூலை முடுக்கெல்லாம் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்தேன்.

பத்து மணிக்கு மேஷ்ட்ரு வகுப்புக்குள் வந்தார். பலகையைப் பார்த்தபடி நின்றார். பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாசலில் வாளியோடு நின்றேன்.

"யாரம்மா தொடச்சது?" என்று கேட்டார். அவருடைய ஊர் குண்டலுபேட்டைப் பக்கம். அங்கே சந்தையில் தமிழ் லாரிக்காரர்களோடு பழகிக் கற்றுக்கொண்ட தமிழ்.

"நாந்தானுங்க."

"அங்க என்ன எழுதியிருந்தது, தெரியுமா?"

"கன்னடம் படிக்கத் தெரியாதுங்க. ஆனா நீங்க கிளாஸ்ல கேட்டது தெரியுமுங்க."

"என்ன கேட்டேன்?"

வேலை போய்விட்டது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போகிற வேலைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிவிட்டேன். "தக்காளி வெல ஏறுனா வாங்கறவ அழுவறா. எறங்குனா வெளைய வெச்சவன் அழுவறான். அப்போ சிரிக்கறவன் யாருன்னு கேட்டீங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். மேஷ்ட்ரு சிரிக்கவில்லை. "நான் இவ்வளவு நல்லா கேக்கல" என்றார். சாக்பீஸை எடுத்து நான் சொன்னதையே கன்னடத்தில் அந்த மூலையில் எழுதினார். என் வாயிலிருந்து வந்தது எழுத்தாக நின்றதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பு முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார். "பழனியம்மா, பலகை பூரா எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன். அந்த மூலையில எனக்குத் தெரியாததை எழுதறேன். விடை கெடைக்கறவரைக்கும் அது அங்கயே இருக்கணும். துடைக்கறது உங்க வேலைதான். எதைத் துடைக்கறோம்னு தெரிஞ்சு துடைங்க."

அவர் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டும். 'கொத்தில்ல', அதாவது தெரியாது என்று சொன்னவன் உடனே உட்காரலாம். தெரியாமல் அளந்துவிடுகிறவன் மணி அடிக்கும்வரை நிற்க வேண்டும். முதல் மாதம் பாதி வகுப்பு நிற்கும். வருஷக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். தெரியாது என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு ஒரு வருஷப் பழக்கம் வேண்டியிருக்கிறது. உங்களுக்கும் வேண்டும். முன்னறைக்கு வருகிற ஆளிடம் தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லி அனுப்பினால் அவர் மறுபடியும் நூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வருவார், உங்களைத் திட்டிக்கொண்டு.

தக்காளிக் கேள்விக்கு விடை தேடி மேஷ்ட்ரு சனிக்கிழமைதோறும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குண்டலுபேட்டை சந்தைக்குப் போனார். விளைய வைத்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். கணக்குப் பார்க்கப் போனவரை, எங்களுக்காகத் தேர்தலில் நில்லுங்கள் என்றார்கள். நின்றார். தோற்றார். ரிசல்ட் வந்த மறுநாள் பத்து மணிக்கு வகுப்புக்கு வந்து, மூலையில் இருந்ததன் கீழே இன்னொன்று எழுதினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் வாசலிலிருந்து என்ன என்று கேட்டேன்.

"நான் ஏன் தோத்தேன்?" என்று வாசித்துக் காட்டினார்.

அந்த வரி ஐந்து வருஷம் இருந்தது. அந்த ஐந்து வருஷமும் அவர் கிராமம் கிராமமாகப் போய் அதே கேள்வியைக் கேட்டார். சிலர் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒரு கிழவர், நீங்கள் பேசினால் எங்களுக்குக் கொட்டாவி வருகிறது என்றாராம். அடுத்த தடவை ஜெயித்து வந்து அந்த வரியை அவரே துடைத்தார். அப்புறம் டெல்லி, பார்லிமென்ட், கட்சியில் ஒவ்வொரு படியாக மேலே. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் போனில் இருக்கும். காலேஜை விட்டுப் போனபோது அவர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது ஒன்றுதான், அந்தப் பழைய பலகை. அதோடு நானும் இந்த ஆபீஸ் முன்னறைக்கு வந்தேன்.

முன்னறையில் நான் கற்றுக்கொண்ட இரண்டாவது பாடத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லாவிட்டால் பின்னால் வரப்போவது புரியாது.

ஆரம்பத்தில் வருகிறவர்களிடம் மனுவை வாங்கி, வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் வகைவகையாகப் பிரித்து வைப்பார்கள். ரோடு ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம். எனக்குக் கன்னடம் வாசிக்கத் தெரியாது. அதனால் ஒருநாள் அந்தப் பிள்ளைகள் காலையில் வராதபோது நான் ஒவ்வொருவரையும், "காயிதம் இருக்கட்டும், வாயில சொல்லுங்க" என்றேன். கௌதள்ளியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் மருமகள் பெயரை ரேஷன் கார்டில் சேர்க்க வேண்டும் என்றார். சாயங்காலம் பிள்ளைகள் வந்து வாசித்தால் அவர் மனுவில் ரோடு வேண்டும் என்று இருந்தது. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற ஆள், அன்றைக்கு எல்லாருக்கும் ரோடே எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். மேஷ்ட்ருவிடம் சொன்னபோது அவர், "இனிமே எல்லார்கிட்டயும் வாயில கேளுங்க பழனியம்மா. காயிதம் அப்புறம்" என்றார். அன்றிலிருந்து முன்னறைச் சட்டம் அது. முதலில் கேள். என்ன வேண்டும் என்று அந்த ஆளையே கேள்.

இந்தச் சட்டத்தை உண்டாக்கியவளே அதை ஒருநாள் மறந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மேஷ்ட்ரு தேசியத் தலைவர் ஆனபிறகு வந்த தேர்தல் அது. நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவர், ஓட்டுப் போடச் சில வாரம் இருக்கும்போது மைசூருக்கு வந்தார். ஒரு மண்டபத்தில் கூட்டம். பேச்சு முடிந்ததும் மைக்கை ஜனங்களிடம் கொடுங்கள் என்றார். அது அவர் பழக்கம். கௌதள்ளியிலிருந்து வந்திருந்த காளியம்மா மைக்கை வாங்கினாள். நான் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, நீங்க பொருளாதார மேஷ்ட்ருங்கறாங்க. எம்மவ சௌம்யா அதே பாடந்தான் படிச்சா. மொத வகுப்பு. இப்ப மைசூர்ல துணிக் கம்பெனில சட்டைல தொங்கற நூல வெட்டிட்டு இருக்கா. உங்க பாடத்த முழுசாப் படிச்ச புள்ளைக்கு ஏனுங்க வேல இல்ல?"

மேஷ்ட்ரு மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "கொத்தில்லம்மா. எனக்குத் தெரியல. மகளைக் கூட்டிக்கிட்டு திங்கக்கிழமை ஆபீசுக்கு வாங்க. கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்" என்றார்.

யாரோ போனில் எடுத்தார்கள். அடுத்த நாள் ஊர் முழுக்க அந்த வீடியோதான். பின்பாதி இல்லை. 'கொத்தில்லம்மா' மட்டும். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பின்னால் டோலக் அடித்திருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் மேடைக்கு மேடை அவரைப்போல நின்று காட்டினார்கள். இவர் பாஸ் பண்ணினாரா என்று பேப்பரில் கேலி போட்டார்கள். அவரைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டுத் தேர்தலைச் சந்திக்கலாமா என்று டெல்லியில் பேசுவதாகவும் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த டோலக் நன்றாகத்தான் அடித்திருந்தான்.

திங்கட்கிழமை காலையில் நான் வாசல் திறப்பதற்கு முன்பே பி.ஏ. நாகேந்திரா நின்றிருந்தான். அவனோடு டெல்லியிலிருந்து வந்த இரண்டு பேர், கேமராவோடு. நாகேந்திரா கெட்டவன் இல்லை. மேஷ்ட்ருவின் பழைய மாணவன். வகுப்பில் 'கொத்தில்ல' என்று சொல்லி உட்காரப் பழகியவர்களில் ஒருவன். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பழனியம்மா, அந்தம்மாவும் பொண்ணும் வந்தா மேஷ்ட்ருகிட்ட விடவேண்டாம். பின்ரூமுக்கு அனுப்புங்க."

"எதுக்குப்பா?"

கையிலிருந்த கவரைக் காட்டினான். நம் கட்சிக்காரர் ஒருவர் நடத்தும் காலேஜில் சௌம்யாவுக்கு வேலை. பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற வேலை. கையெழுத்தெல்லாம் போட்டுத் தயாராக இருந்தது. அவர்கள் செய்ய வேண்டியது, கேமரா முன்னால் உட்கார்ந்து, எங்கள் கேள்விக்கு மேஷ்ட்ரு நாலே நாளில் விடை கொடுத்துவிட்டார், இப்போது எங்களுக்குக் கேள்வியே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வது. அவ்வளவுதான்.

"மேஷ்ட்ருவுக்குத் தெரியுமா?"

"அவர் பத்து மணிக்குத்தான் வர்றார். அதுக்குள்ள முடிச்சிரணும்."

அவன் போன கொஞ்ச நேரத்தில் அவர்கள் இருவரும் வந்தார்கள். காளியம்மா பஸ்ஸில் வந்த களைப்போடு இருந்தாள். சௌம்யா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். ஒல்லியான பெண், கண்ணாடி போட்டிருந்தாள். ஊரில் எல்லாரும் தன்னை ஏசுவதாக காளியம்மா சொன்னாள். நம்ம ஆளோட பேரைக் கெடுத்துட்டியே என்று கேட்கிறார்களாம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அது மேஷ்ட்ருவுக்குத் தெரியாத கேள்வி, அதன் இடம் அந்த மூலை. சௌம்யா கையில் சாக்பீஸைக் கொடுத்து, "உங்கம்மா கேட்டத அங்க எழுது கண்ணு" என்றேன். அவள் எழுதினாள். அழகான கையெழுத்து. பெஞ்சில் இருந்தவர்கள் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

பின்ரூமிலிருந்து வந்த நாகேந்திரா பலகையைப் பார்த்துவிட்டான். டஸ்டரை எடுத்தான். நான் குறுக்கே நின்றேன்.

"நகருங்க பழனியம்மா."

"இது மேஷ்ட்ரு சொல்லாம அழியாது நாகேந்திரா."

"இத அழிக்கலன்னா தேர்தல் அழிஞ்சுபோகும்! அவரே அழிஞ்சுபோவார்!"

"அப்போ அவரே வந்து அழிக்கட்டும்."

எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்த நேரத்தில்தான் காளியம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, கேள்வி உங்க பலகைல எத்தன வருசம் வேணாலும் இருக்கட்டும். அவரு கைல இருக்கற கவரு எம்மவளோடது. அதக் குடுக்கச் சொல்லுங்க."

வேலையைப் பற்றி நாகேந்திரா அவளிடம் முந்தின நாளே போனில் சொல்லியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்தக் கவருக்குள் அவர்கள் வீட்டுச் சோறு இருந்தது. நான் ஒரு பலகைக்குக் காவல் நின்று அதைத் தட்டிவிடப் பார்த்தேன். என் பெருமை சட்டென்று இறங்கிவிட்டது.

ஆனாலும் அப்போதும் பாதிதான் கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. அம்மா சொல்லிவிட்டாள். படித்தவள் எதுவும் சொல்லவில்லை. அவள் பக்கம் திரும்பினேன்.

"உனக்கு என்ன வேணும் கண்ணு?"

சௌம்யா சாக்பீஸ் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள். "வேல வேணுங்க."

"அப்பறமென்னடி, வாங்கிக்க" என்றாள் காளியம்மா.

"பொய் சொல்லாம வேணும்மா. எங்க லைன்ல நூல் வெட்டறவங்க பதினோரு பேரு டிகிரி. ரெண்டு பேரு என் பாடமே. இனிமே கேள்வியே இல்லன்னு நான் வீடியோல சிரிச்சா, நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"அவங்களா உனக்குச் சோறு போடுவாங்க?"

"இல்லம்மா. ஆனா என்கூடத்தான் உக்காந்து சாப்பிடறாங்க."

காளியம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டெல்லி ஆள் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நாகேந்திரா டஸ்டரோடு நின்றான். அம்மா சொன்னதும் நியாயம். மகள் சொன்னதும் நியாயம். நாகேந்திராவின் பயத்திலும் நியாயம் இருந்தது. இதில் யார் பக்கம் என்று முடிவுசெய்ய நான் யார்? நான் வாசல்காரி. முடிவு என்னுடையது இல்லை என்று தெரிந்தபோதுதான் என்னால் என்ன செய்ய முடியும் என்பது தெரிந்தது. முடிவெடுக்க வேண்டியவர் வரும்வரை எதுவும் அழியாமல் பார்த்துக்கொள்ளலாம். கேள்வியும் அழியக்கூடாது, கவரும் கிழியக்கூடாது.

"நாகேந்திரா, அந்தக் கவர எங்கிட்ட குடு" என்றேன். அவன் தயங்கினான். "குடுப்பா. நான் எங்க ஓடப்போறேன், இந்த முட்டிய வெச்சுக்கிட்டு?" கொடுத்தான். அதை என் மேசைமேல் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில், எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்தேன். "கேள்வியும் இங்க இருக்கு. கவரும் இங்க இருக்கு. பத்து மணிவரைக்கும் யாரும் எதையும் தொடவேண்டாம். எல்லாரும் காபி குடிங்க."

டெல்லி ஆட்களும் குடித்தார்கள். நம் ஆபீஸ் காபி அப்படி.

மேஷ்ட்ரு வந்தார். எங்கே போய் வந்தாலும் உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் பார்ப்பது மூலையைத்தான். டெல்லி ஆள் இந்தியில் ஏதோ ஆரம்பித்தான். மேஷ்ட்ரு ஒரு விரலை உயர்த்தினார், வகுப்பில் உயர்த்துவதுபோல. வாசித்து முடித்தார்.

"யார் எழுதினது?"

சௌம்யா எழுந்தாள். "உக்காரும்மா. நிக்கவேண்டியது நான்" என்றார். பெஞ்சிலிருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கேட்காமல் எழுத வைத்த என் தப்பையும் சொன்னேன். நாகேந்திரா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மேஷ்ட்ரு சொம்பைத் தூக்கிக் கவரை எடுத்துப் பிரித்து வாசித்தார். "இந்த வேலை உன் படிப்புக்குக் குடுத்ததா, உன் வாய்க்குக் குடுத்ததா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

"வாய்க்குதான் சார்."

"படிப்புக்குக் குடுத்தா எடுத்துக்குவியா?"

"ஓடிப்போய் எடுத்துக்குவேன்."

அவர் போனை எடுத்து அந்தக் காலேஜ்காரரைக் கூப்பிட்டார். எங்கள் எல்லார் முன்னாலும் பேசினார். உங்களிடம் நிஜமாகவே அந்த இடம் காலியாக இருக்கிறதா? இருக்கிறது என்றார் அவர். அப்படியானால் வாசலில் நோட்டீஸ் ஒட்டுங்கள், பேப்பரில் போடுங்கள், படித்த எல்லாரும் வரட்டும், என் பெயரைச் சொல்லி வருகிறவரைக் கடைசியில் நிறுத்துங்கள் என்றார். போனை வைத்துவிட்டு சௌம்யாவிடம், "உன்னோட சாப்பிடற ரெண்டு பேருக்கும் சொல்லு" என்றார்.

காளியம்மா போகும்போது என்னிடம் சொன்னாள். "கைல வந்தத புடுங்கி ஊருக்குப் பங்கு வெச்சுட்டீங்க அக்கா. நல்லா இருங்க." அந்த 'நல்லா இருங்க' எனக்கு எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது.

நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று பேரும் போனார்கள். வேலை சௌம்யாவுக்குக் கிடைக்கவில்லை. அவளோடு நூல் வெட்டிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் மார்க் அதிகமாம். எல்லாம் நினைத்தபடியே நடந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தேர்தல் முடியும்வரை மேஷ்ட்ரு ஒவ்வொரு கூட்டத்திலும் காளியம்மாவின் கேள்வியை அவரே வாசித்தார். எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்றார். முதலில் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாக்களும் அப்பாக்களும் எழுந்து பேச ஆரம்பித்தார்கள். என் மகன் எம்.காம்., கொரியர் கொடுக்கிறான் என்று ஒருவர். என் மகள் டீச்சர் படிப்பு, சூப்பர் மார்க்கெட்டில் நிற்கிறாள் என்று ஒருவர். டோலக் வீடியோ அப்படியே அடங்கிவிட்டது. ஜெயித்தார், முன்பைவிடக் குறைந்த ஓட்டில். நாகேந்திரா இன்றைக்கும் என்னிடம், "அந்தக் குறைஞ்ச ஓட்டு பூரா உங்களாலதான்" என்பான். நான், "அந்த ஜெயிச்ச ஓட்டு?" என்பேன். சிரித்துக்கொண்டு போய்விடுவான். தலைவர் நாற்காலிப் பேச்சும் டெல்லியில் மெல்ல ஓய்ந்தது.

சௌம்யா விடவில்லை. லீவு கிடைத்த திங்கட்கிழமை எல்லாம் வந்து, கம்பெனியில் யார் என்ன படித்திருக்கிறார்கள், எங்கெங்கே வேலை கேட்டார்கள், ஏன் கிடைக்கவில்லை என்று எழுதி மேஷ்ட்ருவிடம் கொடுப்பாள். இரண்டு பேரும் முன்னறைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சண்டை போடுவார்கள். ஒருநாள் அவர் தப்பாக ஏதோ சொல்லிவிட்டார் போல, "சார், நீங்க நிக்கணும்" என்றாள். அந்த மனுஷன் எழுந்து நின்றார், தேசியத் தலைவர்! பெஞ்சில் மனுவோடு வந்த ஆட்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் எழுதிக் கொடுத்ததை வைத்து அவர் பார்லிமென்டில் பேசினார். அவளோ கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் படித்துப் பரீட்சை எழுதினாள். ஒருமுறை தவறியது. அடுத்த முறை தேறினாள். ஹனூரில் அரசாங்கக் காலேஜில் வேலை. அதே பாடம்.

ஆர்டர் வந்த வாரம் அம்மாவும் மகளும் வந்தார்கள். காளியம்மா ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டு வந்திருந்தாள். அதை என் மேசையில் தொப்பென்று வைத்து, "உங்க பலகையப் பாக்கத்தான் வந்தேன், உங்கள இல்ல" என்றாள். ஆனால் என் கையை விடவில்லை.

மேஷ்ட்ரு அன்றைக்கு ஊரில் இருந்தார். உள்ளேயிருந்து வந்து, டஸ்டரை எடுத்து சௌம்யாவிடம் நீட்டினார். "உன் கேள்வி. நீயே துடைச்சிரு."

அவள் டஸ்டரை வாங்கிக்கொண்டு பலகைக்குப் போனாள். வருஷக்கணக்கில் நின்ற எழுத்து. காற்றிலும் தூசியிலும் வெளுத்து, கிட்டப் போனால்தான் தெரியும். முன்னறையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என் கிளாஸ்ல நாப்பது பேரு உக்காரப்போறாங்க சார்" என்றாள்.

டஸ்டரை என் மேசையில் வைத்தாள். சாக்பீஸை எடுத்து, மங்கிப்போன எழுத்தின் மேலேயே, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை அழுத்தி எழுதினாள். மேஷ்ட்ரு கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று பார்த்தார். காளியம்மா மகள் எழுதுவதோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட கேள்வி அவளுக்கு மனப்பாடம்.

நீங்கள் துடைக்கப் போனது அதைத்தான்.

பலகையின் மற்ற இடத்தை நன்றாகத் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம், காய்ந்த துணி போதும். ஆட்களிடம் முதலில் வாயில் கேளுங்கள். கூட வந்தவரையும் கேளுங்கள், பேசாமல் நிற்பவரை முக்கியமாக. என் மேசையின் இடதுபக்க இழுப்பறையில் சாக்பீஸ் டப்பா இருக்கிறது. மூலையில் எழுத்து மங்கினால் உங்களில் கையெழுத்து நன்றாக இருப்பவர் எடுத்து, மேலேயே அழுத்தி எழுதுங்கள்.